ஏசி ஓடுற வீடு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. மடியில இருக்கிறது மோட்டார். ஏசி மோட்டார். மேல வைங்கன்னு கண்டக்டரும் சொல்லிட்டாரு, நீங்களும் சொல்றீங்க. மேல வச்சா இந்த பஸ் போற போக்குக்கு உருண்டு எவன் மண்டையிலயாவது விழும். மண்டைக்காவது கட்டுப் போடலாம், தண்டு வளைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. சாதா மோட்டாருக்கு ஒரு பக்கந்தான் தண்டு. ஜன்னல் ஏசி மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் உண்டு. முன்னாடி ரூமுக்குள்ள குளுந்த காத்தத் தள்ளுற உருளை, பின்னாடி வெளிய சூட்டத் தள்ளுற காத்தாடி. ரெண்டையும் சுத்துறது இந்த ஒரே மோட்டார். அதான் துண்டுல சுத்தி மடியில வச்சிருக்கேன்.

துறையூருக்குத்தான் போறேன். நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு. எனக்கு வாய மூடிக்கிட்டு உக்கார முடியாது இன்னிக்கு. மனசு கெடந்து அடிச்சுக்குது. எம் மக வீட்ல தனியா இருக்கா. எட்டாம் மாசம். இந்தக் கத்திரி வெயில்ல ஏசி இல்லாம கெடக்கா. பொழுது சாயறதுக்குள்ள நான் போய் இந்த மோட்டார மாட்டி ஓட விட்டாகணும். விடலைன்னா என்ன ஆகும்னு கேக்காதீங்க.

நீங்களே மாட்டுவீங்களான்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் முனிசிபாலிட்டில தண்ணி பம்பு ஆபரேட்டர் தம்பி. ஊரே தண்ணி குடிச்சது நான் சுவிட்ச் போட்டுத்தான். மோட்டார் ரூம் வாசல்ல செருப்பக் கழட்டும்போதே உள்ள எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன். எங்க எஞ்சினியரே வந்து, அண்ணே கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்கம்பாரு. எதுக்கு எங்க நோவுன்னு எனக்குத் தெரியும். அதுல மட்டும் என்னைய யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

வந்த வெனை எங்கேர்ந்துன்னு கேளுங்க. மகள திருச்சியில குடுத்திருக்கு. அபிராமின்னு பேரு. மாப்ள தங்கமான மனுசன், ஓசூர் கம்பெனில இருக்காரு, ஞாயித்துக்கெழம வந்து போவாரு. நான் சொல்ல வந்தது சம்பந்தியம்மாவப் பத்தி. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டாங்க. வளையல் அடுக்கி முடிச்சு, பந்தியில எல்லார் முன்னாடியும் அந்தம்மா சொல்லுது, "அண்ணே, அங்க அம்மாவும் இல்ல. வெயில் வேற. இங்கன்னா ரூமுக்கு ரூம் ஏசி இருக்கு. பிரசவம் முடியிற வரைக்கும் நாங்களே வச்சுப் பாத்துக்கிறோமே"ங்குது.

எப்படி இருக்கும் எனக்கு? மொதப் பிரசவம் அப்பன் வீட்ல பாக்குறதுதான மொறை. எம் பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, எம் மகளுக்குப் பொறந்த வீடே இல்லன்னு ஆயிடுமா? வாயில சோத்த வச்சுக்கிட்டே சொன்னேன், "எங்க வீட்லயும் ஏசி ஓடுதுங்க." அவ்வளவுதான் சொன்னேன். பந்தியே திரும்பிப் பாத்துச்சு. அன்னிக்குச் சாயங்காலமே டாக்சி வச்சு மகளக் கூட்டிட்டு வந்துட்டேன்.

ஏசி இருந்துச்சு தம்பி, பொய் இல்ல. வீட்டம்மா முடியாமக் கெடந்தப்ப செகண்ட் ஹேண்ட்ல வாங்கி மாட்டுனது. அவ போனதுக்கப்பறம் போடவே இல்ல. இவ வந்ததும் போட்டேன். நாலு நாள் ஜோரா ஓடுச்சு. அஞ்சாம் நாள் கம்ப்ரசர் 'ம்ம்ம்'னு மொனகுது, டக்குனு நிக்கிது. திரும்ப மொனகுது, திரும்ப நிக்கிது. வெறுங்காத்துதான் வருது. கம்ப்ரசரக் கெளப்பிவிடுற கெப்பாசிட்டர்தான் போயிருக்கும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. துறையூர்லயே வாங்கி மாத்தினேன். ஓடுச்சு. புள்ள அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினா. விடிஞ்சு பாத்தா காத்தாடி சுத்தல.

புதுசு வாங்கிடலாமேன்னுதான கேக்க வர்றீங்க? எல்லாரும் அததான் கேக்குறாங்க. ஸ்ப்ளிட் ஏசி மாட்டணும்னா செவுத்துல துளை போடணும். புது ஜன்னல் ஏசி வாங்கினா அளவு வேற, ஓட்டைய இடிச்சுப் பெருசாக்கணும். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல இடிக்கலாமா? ஆணி கூட அடிக்க மாட்டாங்க. நீங்க சிரிக்கிறீங்க. நானும் இதெல்லாம் நம்புற ஆளு இல்ல. ஆனா கேளுங்க. இவளுக்கு இதுக்கு முன்னாடி ஒண்ணு தங்கி, மூணாம் மாசமே கலைஞ்சுபோச்சு. அப்பதான் சம்பந்தி வீட்ல ரூமுக்கு ரூம் ஏசி மாட்டுறேன்னு செவுரெல்லாம் மெசின் வச்சுத் துளைச்சாங்க. நான் ஒரு வார்த்தை கேக்கல. கேக்காம வயித்துக்குள்ளயே வச்சிருக்கேன். அதே தப்ப நானும் பண்ணுவேனா?

அதனால சுத்தியலத் தொடாம வேல பாக்குறேன் தம்பி. அது எவ்வளவு கஷ்டம்னு மெக்கானிக்குக்குத்தான் தெரியும். செவுத்துல பதிச்ச இரும்புக் கூண்டுக்குள்ள ஏசி துருப்புடிச்சு ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. ரெண்டு தட்டு தட்டினா வந்துரும். தட்டக்கூடாதே. மண்ணெண்ணெய் விட்டு ஊற வச்சேன். அந்த வாடைக்குப் புள்ள வாந்தியா எடுத்தா. சரின்னு தேங்கா எண்ணெய் விட்டு, இடுக்குல துணியச் சுருட்டிக் குடுத்து, நகத்தளவு நகத்தளவா இழுத்தேன். டார்ச்ச கொஞ்சம் புடி கண்ணுன்னேன். புடிச்சா. கொஞ்ச நேரத்துல வெளக்குக் கீழ போயிருச்சு. வெளிச்சம் கண்ணக் குத்துதுப்பா, தலை வெடிக்குதுங்கிறா. எட்டாம் மாசத்துல வெயில் தலைக்கு ஏறத்தான செய்யும். தைலம் தேச்சுவிட்டேன்.

தெனம் தலைவலி. ஏசி நின்னதுலேர்ந்து தெனம். அதான் எனக்கு ஆத்திரம். இந்தச் சனியன் மட்டும் ஓடியிருந்தா புள்ளைக்கு ஒரு நோவும் வந்திருக்காது. பழைய மோட்டார்ல தண்டு உக்காந்து சுத்துற புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டுப் பாத்தேன். ஓடுச்சு, நின்னுச்சு. தெர்மோஸ்டேட்ட மாத்தினேன். செலக்டர் சுவிட்ச மாத்தினேன். ஒண்ணு சரி பண்ணா இன்னொண்ணு போவுது. கட்டில் பக்கத்துல தரையெல்லாம் திருகாணியும் ஒயருமா கெடக்கு. அவ அந்த வீங்கின கால வச்சுக்கிட்டு அதுக்கு நடுவுல பாத்துப் பாத்து நடந்து போறா.

கால் வீக்கம் எல்லாருக்கும் வர்றதுதான தம்பி. இவளுக்குக் கொஞ்சம் அதிகம். கையும் வீங்கிருச்சு. கல்யாண மோதரம் விரல்ல எறங்கி மாட்டிக்கிட்டு, நான்தான் ஒயர் வெட்டுற கட்டர வச்சு நறுக்கினேன். மொகம் நல்லாப் பூரிச்சுப்போச்சு. நான் சந்தோசப்பட்டேன். அம்மா இல்லாத வீட்டுச் சாப்பாட்டுல இப்படி ஆயிருக்காளே, சம்பந்தியம்மா வந்து பாக்கட்டும்னு நெனச்சேன். பக்கத்து வீட்டு பர்வீன் ஒரு நா வந்து, "என்ன மாமா, அபி மொகம் ஊதிப்போயிருக்கு, ஆஸ்பத்திரில காட்டுனீங்களா"ன்னுச்சு. நல்ல புள்ளதான், ஆனா அப்படிச் சொல்லலாமா? அது அந்தாண்ட போனதும் உப்பும் மொளகாயும் எடுத்துச் சுத்திப் போட்டேன். அடுப்புல போட்டா நெடியே வரல. எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாத்துக்கங்க.

சம்பந்தியம்மா வீடியோல கூப்புடுது. அது ஒரு நா விட்டு ஒரு நா கூப்புடும். அதான் பெரிய பாடு. ஏசி நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ல வந்து எறங்கி, வாம்மான்னு கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போயிரும். அதனால நான் என்ன பண்ணேன், ஏசி மூஞ்சிய மட்டும் எடுத்துக் கூண்டுல மாட்டிருவேன். உள்ள ஒண்ணும் இருக்காது. புள்ளய அதுக்கு முன்னாடி உக்கார வச்சு, மொகத்தத் தொடச்சுவிட்டு, போர்வையப் போத்திக்கச் சொல்லுவேன். குளுருற மாதிரி. அந்தம்மா அந்தப் பக்கம், "ஏசியக் கொறச்சு வைம்மா, சளி புடிச்சுக்கும்"ங்கும். சரிங்கத்தைன்னு இவ சொல்லுவா. போன வச்சதும் போர்வைய எடுத்தா முதுகெல்லாம் தண்ணியா ஊத்தும். நான் விசிறிக்கிட்டே உக்காந்திருப்பேன். எனக்கு மட்டும் சந்தோசமா தம்பி? மனசு கேக்காமத்தான் செய்றேன்.

அவ ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டா. நான் தலகுனியக் கூடாதுன்னு பாப்பா. அப்படி ஒரு புள்ள.

செக்கப்பா? செக்கப் திருச்சியில. சம்பந்தியம்மாவுக்குத் தெரிஞ்ச டாக்டரம்மாதான் பாக்குறாங்க. போன வாரம் போயிருக்கணும். எப்படிப் போறது? போனா அந்தம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வந்துரும். என்னம்மா கறுத்துப்போய்ட்ட, வேர்க்குரு போட்டிருக்குன்னு நோண்டும். ஏசி சரியாகட்டும் கண்ணு, அடுத்த வாரம் போலாம்னுட்டேன். அன்னிக்கு மோட்டாரப் பிரிச்சுப் போட்டிருந்தேன், பாதில விட்டுட்டுப் போகவும் முடியாது. அந்தம்மாவுக்கு அபிய விட்டே போன் பண்ணச் சொன்னேன், டாக்டர் லீவாம்னு. அதையும் சொன்னா.

இன்னிக்குக் காலைல கெளம்புறேன். இந்த மோட்டார் திருச்சியிலதான் கெடைக்கும், கூட இந்த ஓவர்லோடும் மாத்தணும், பாருங்க, சட்டப்பையில இருக்கு, வட்டமா இருக்கே இதான். கம்ப்ரசர் சூடானா இது கட் பண்ணிவிடும். வாசல்ல செருப்ப மாட்டுறேன், அபி கூப்புடுறா. "அப்பா, இன்னிக்குப் போகாதப்பா. எனக்கு ஏசி வேணாம். நீ பக்கத்துல இரு"ங்கிறா. நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்குதுங்கிறா. கேஸா இருக்கும்னு சீரகத் தண்ணி வச்சுக் குடுத்தேன். கண்ணுல மின்மினி மாதிரி என்னமோ பறக்குதுங்கிறா. வெயில்ல அப்படித்தான் கண்ணு இருக்கும், சாயங்காலம் பாரு, ஜில்லுன்னு ஆக்கிடுறேன்னேன். ஜன்னல்ல ஈரச் சாக்கத் தொங்கவிட்டு, டேபிள் ஃபேன பக்கத்துல இழுத்து வச்சு, செம்புல மோர் வச்சுட்டு வந்தேன். ஒண்ணும் வைக்காம வந்துடல.

கடைக்குப் போக சம்பந்தி வீட்டுத் தெரு முனையத் தாண்டித்தான் போகணும். தலையில துண்டப் போட்டுக்கிட்டு, திருடன் கணக்கா சந்து சந்தாச் சுத்திப் போனேன். எம் மகளுக்காக இதுவும் செய்வேன்.

என்ன கேட்டீங்க? தலைவலி எத்தனை நாளாவா? சொன்னேனே, ஏசி நின்னதுலேர்ந்து. கண்ணுல பறக்குறதா? அது நேத்து, இன்னிக்குத்தான். ஏன் அதையே கேக்குறீங்க?

பிரஷரா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவளுக்கு ஏது பிரஷர், சின்னப் புள்ள. பிரஷர் எனக்குத்தான் இருக்கு, மாத்திரை சாப்புடுறேன். கடைசியாப் போன செக்கப்புல டாக்டரம்மா லேசாக் கூட இருக்கு, உப்பக் கொறைங்கன்னாங்களாம். வேர்த்துக் கொட்டுற புள்ளைக்கு உப்பக் கொறச்சா மயக்கம் போட்டு விழுந்துர மாட்டாளா? நான் மோர்லகூட ஒரு கல்லு சேத்துப் போட்டுத்தான் குடுக்குறேன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

இல்ல தம்பி, வெயில் தம்பி அது. நான் கூடவே இருந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா? ஏசி நின்னுச்சு, தலைவலி வந்துச்சு. ஏசி ஓடுனா போயிரும். நேர் கணக்கு. நீங்க என்ன டாக்டரா? இல்லைங்கிறீங்கல்ல. பின்ன எத வச்சுச் சொல்றீங்க?

உங்க அக்காவுக்கா? இதே மாதிரியா? கால், கை, மொகம் எல்லாமா? கண்ணும் இப்படித்தான் சொன்னாங்களா? எத்தனையாவது மாசத்துல?

இப்ப நல்லா இருக்காங்கல்ல அக்கா?

தம்பி, உங்களத்தான் கேக்குறேன். அக்கா இப்ப நல்லா இருக்காங்கல்ல? ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

யாருக்குப் போன் போடுறீங்க? நூத்தியெட்டுக்கா? எதுக்கு? இருங்க, இருங்க தம்பி. ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நின்னா தெருவே கூடிரும். பர்வீன் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிரும். நாம போயிருவோமே, மண்ணச்சநல்லூர் தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச நேரந்தான். நான் போனதும் என் கையாலயே கூட்டிட்டுப் போறேன். சத்தியமாக் கூட்டிட்டுப் போறேன். மோட்டார அப்புறம் மாட்டிக்கிறேன்.

முடியாதா? அவ்வளவு நேரம் தாங்காதா?

வலிப்பு வருமா? அபிக்கா? புள்ளைக்கும் சேத்தா?

அட்ரஸ் கேக்குறாங்களா? சொல்லுங்க. பழைய தண்ணி டேங்குக்குப் பின்னாடி சந்து. பச்சைக் கேட்டு. ஜன்னல்ல ஈரச் சாக்கு தொங்கும். பம்பு ஆபரேட்டர் வீடுன்னா யாரும் காட்டுவாங்க. கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். கட்டில் பக்கத்துல திருகாணி கெடக்கும், பாத்து வரச் சொல்லுங்க. எட்டாம் மாசம்னு சொல்லுங்க. தனியா இருக்கான்னு சொல்லுங்க. தலைவலின்னு சொன்னீங்களா? கண்ணையும் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க தம்பி, நான் சொன்னது அத்தனையும் சொல்லுங்க. வர்றாங்களா? கெளம்பிட்டாங்களா?

இந்தாங்க, இந்த மோட்டார எங்கயாவது வைங்க. கீழ போட்டாலும் பரவால்ல. எனக்கு என் போன எடுக்கணும். சைரன் சத்தம் கேட்டா புள்ள பயந்துருவா, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுறேன். அப்பாதான் அனுப்பியிருக்கேன், வண்டில ஏறிக்கன்னு. பர்வீனையும் கூடப் போகச் சொல்றேன். சம்பந்தியம்மாவுக்கும் நானே போட்டுச் சொல்லிடுறேன், நேரா ஆஸ்பத்திரிக்கு வரட்டும். என்ன வேணாலும் சொல்லட்டும், பந்தியில வச்சுச் சொல்லட்டும். மொதல்ல அபி பேர எடுத்துக் குடுங்க தம்பி. ஆங், அதான், அப்பிடியே பச்சைய அமுக்குங்க.

மணி அடிக்குது.

இன்னும் அடிக்குது.

எடுத்துட்டா. கண்ணு, அப்பா பேசுறேன்டா. கேக்குதா? அபி.

தம்பி, யாருன்னு கேக்குறா. நான் கூப்புட்டா என் போட்டோ திரை முழுக்க வரும், அவளே வச்சது. அதப் பாத்துட்டுத்தான் எடுப்பா, எடுத்ததுமே அப்பாம்பா. இன்னிக்கு யாரு, யாருங்கிறா. குரலே அவ குரலா இல்ல. நான் என்ன சொல்லட்டும் தம்பி, நீங்க சொல்லுங்க.